மன உறுதியை நம்பாமல் பழக்கத்தை விடுவது எப்படி: மூளை அறிவியல் வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்ததும் வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் ஆண்டுதோறும் ஒன்று நடக்கிறது. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவரும், டாஸ்மாக் பக்கம் எட்டிப் பார்க்காமல் வீடு திரும்பாதவரும் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றைக்கே இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். 41 நாளோ 48 நாளோ, விரதம் முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை. ரமலான் மாதத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரம் புகையில்லாமல் இருக்க முடியாதவர்கள், விடியலுக்கு முன்பிருந்து நோன்பு திறக்கும்வரை பெரிய அவதி எதுவுமின்றி இருக்கிறார்கள். அதே மனிதர்களில் பலர், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரத்திலேயே, அல்லது பெருநாள் கழிந்த மறுநாளே, பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்பதும் ஊரறிந்த செய்திதான்.

மன உறுதி உள்ளவன் விடுகிறான், இல்லாதவன் விடுவதில்லை என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காது. கார்த்திகையில் அத்தனை உறுதியாக இருந்தவர் தை மாதத்தில் கோழையாகிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டோம். மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு. தன்கட்டுப்பாட்டில் பெரும்பகுதி, ஆசை எழுவதற்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் செய்து முடிக்கப்பட வேண்டிய வேலை என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. சிகரெட், பீடி, மது, கைப்பேசி ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

தொடங்கும் முன்: நீங்களாக நிறுத்தக் கூடாதது எது

சிகரெட்டை இன்றிரவே நிறுத்தலாம். எரிச்சலும் தூக்கமின்மையும் வருமே தவிர, அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. மது அப்படிப்பட்டதன்று. பல மாதங்களாக நாள் தவறாமல் அதிகமாகக் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கி, வியர்த்து, பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்வரை தவித்துக்கொண்டிருப்பவர், ஒருநாள் வைராக்கியமாக முற்றிலும் நிறுத்திவிட்டால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை ஆள் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்களைக் காணும் நிலையும் தோன்றக்கூடும். இதற்குக் காரணம் மூளையின் வேதியியல்தான். மது நரம்புகளின் வேகத்தைத் தொடர்ந்து அடக்கிவைத்ததால், அந்த அடக்கத்தை ஈடுகட்ட மூளை தன் தூண்டல் அளவை உயர்த்தி வைத்திருக்கிறது. அடக்குவது திடீரென்று விலகியதும் உயர்த்திவைத்த தூண்டல் மட்டும் எஞ்சி, கட்டுக்கடங்காமல் போகிறது. மாலை போடும் எண்ணம் இருந்தாலும் இத்தகையவர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்துக்கொண்டவருக்கும் இதுவே பொருந்தும். இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்குக் குறையில்லை.

முதல் படி: செய்வது நீங்களா, உங்கள் கையா என்று பிரித்தறியுங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் வீட்டு வாசலில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களைச் சிறிது நேரம் பாருங்கள். மடியில் முறம்; நனைத்துப் பதமாக்கி அளவாக நறுக்கிய இலை; அதில் ஒரு சிட்டிகைத் தூள். விரல்கள் உருட்டுகின்றன, நுனியை மடக்குகின்றன, நூலைச் சுற்றிக் கட்டுகின்றன. அதற்குள் அடுத்த இலை கையில் ஏறிவிடுகிறது. கண் தொலைக்காட்சித் தொடரில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும். "எந்த விரலால முதல்ல மடக்குறீங்க அக்கா?" என்று கேட்டால், "தெர்லபா, கை அது பாட்டுக்குப் போவுது" என்ற விடைதான் வரும், செய்துபார்த்த பிறகே அவராலும் சொல்ல முடியும்.

அந்தக் கையை ஓட்டுவது மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்பு முடிச்சுகள். புதிதாக ஒன்றைக் கற்கும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி ஒவ்வொரு அசைவையும் எண்ணிப் பார்த்துச் செய்கிறது. அதே செயல் அதே சூழலில் பலமுறை நடந்து பயனும் தந்தால், மொத்த வரிசையும் ஒரே கட்டாகச் சுருட்டப்பட்டு ஆழத்திலுள்ள முடிச்சுகளின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆன் கிரேபியல் குழுவினர் 1990-களில் எலிகளைக் கிளைப்பாதையில் ஓடவிட்டு இதைப் பதிவுசெய்தனர். தொடக்கத்தில் ஓட்டம் முழுவதும் எழுந்த நரம்புச் செயல்பாடு, பழகிய பிறகு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் குவிந்தது. இடைப்பட்ட ஓட்டம் தானாக நடந்தது. பீடி சுற்றுபவரின் பிழைப்பைக் காப்பதும், அந்தப் பீடியைப் பற்றவைப்பவரின் கையைத் தீப்பெட்டிக்குக் கொண்டுபோவதும் ஒரே இயந்திரம்தான். அதைப் பகையாக எண்ணிச் சண்டையிடுவதில் பொருளில்லை.

பழக்கமாகிவிட்ட செயலுக்கு ஓர் அடையாளம் உண்டு: கிடைக்கும் பயன் கெட்டுப்போனாலும் செயல் நிற்காது. 1980-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஆண்டனி டிக்கின்சனும் உடன் ஆய்வாளர்களும், விசையை அழுத்திச் சர்க்கரை உருண்டை பெறப் பழகிய எலிகளுக்கு, அந்த உருண்டையே குமட்டும்படி செய்தனர். சிறிதளவு பழகிய எலிகள் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. அளவுக்கு மிஞ்சிப் பழகியவை தின்ன விரும்பாத உருண்டைக்காகவும் அழுத்திக்கொண்டே இருந்தன. மனிதரிடம் இதையே வெண்டி வுட், டேவிட் நீல் ஆகியோர் 2011-இல் திரையரங்கில் காட்டினர். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்னும் பழக்கமுள்ளவர்கள், ஒரு வாரத்துக்கு முந்திய ஊசிப்போன பாப்கார்னையும், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, புதியதைத் தின்னும் அளவுக்குத் தின்றார்கள். ஆனால் கூட்ட அறையில் அமர்த்தியபோதோ, வழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதோ அந்தப் பழக்கம் அறுந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஆகவே உங்கள் பழக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்றுப் பிடித்த சிகரெட்டுகளில் எத்தனை உண்மையில் சுவைத்தன? பெரும்பாலோர் ஒன்றிரண்டைச் சொல்வார்கள். மற்றவை கை பிடித்தவை. அந்த இரண்டு வகைக்கும் மருந்து வேறு.

இரண்டாம் படி: டோபமைனைப் பற்றிய தவறான எண்ணத்தைக் களையுங்கள்

டோபமைன் என்பது இன்பத்தின் இரசாயனம் என்று கைப்பேசிக் காணொளிகள் சொல்லிச் சொல்லி அது ஊர்ப்பேச்சாகவே ஆகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்புகள் துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்தபோது துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அதாவது இது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் கற்றல் குறிப்பு. 1997-இல் பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் இதைக் கணக்கியல் வடிவத்தில் வெளியிட்டார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் இன்னொரு படி சென்று, வேண்டுதலும் (அது வேண்டும் என்ற தவிப்பு) விரும்பிச் சுவைத்தலும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று காட்டினர். டோபமைன் அழிக்கப்பட்ட எலிகளின் நாக்கில் இனிப்பை வைத்தால், அவை முன்போலவே சுவைக்கும் முகம் காட்டின. ஆனால் அந்த இனிப்பைத் தேடி நகரவில்லை. போதைப்பொருள் டோபமைனை நேரடியாகத் தூண்டுவதால் வேண்டுதல் மட்டும் ஆண்டுக்கணக்கில் கூர்மையாகிக்கொண்டே போக, சுவை தேய்ந்துகொண்டே வரும். "பிடிக்கவே இல்லை, ஆனால் விடவும் முடியவில்லை" என்று குடிப்பவர் மனைவியிடம் சொல்லும்போது, அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை. தம் மூளையின் நிலையைச் சரியாகவே சொல்கிறார்.

காட்பாடி இரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையை எண்ணிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தும்போதே கடைக்காரர் ஒரு சிகரெட்டை உருவி மேசையில் வைத்துவிட்டு, "டீ ஸ்ட்ராங்கா அண்ணே?" என்கிறார். புகை உள்ளே போனால் நிக்கோட்டின் மூளையைச் சேரப் பத்து முதல் இருபது விநாடி ஆகும். இவருக்கோ வண்டி நிற்கும்போதே டோபமைன் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. விளக்கு எரிந்துவிட்டது, இனிச் சாறு வந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் "வேண்டாம்" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. அங்கேயே நின்று போராடச் சொல்லும் அறிவுரைகளை நான் நம்புவதில்லை.

(ஒரு நாள் முழுக்கக் கைப்பேசியைத் தொடாமல் இருந்தால் டோபமைன் கழுவப்பட்டுவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. ஓய்வு நல்லதுதான், கழுவுவதற்கு அங்கே அழுக்கு ஒன்றும் சேரவில்லை.)

மூன்றாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அருகில் இருந்தவர், மனநிலை, அதற்குச் சற்று முன் செய்த காரியம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பற்றவைத்த பிறகு எழுதாமல் முன்பு எழுதுவது நல்லது. தானாக ஓடும் வரிசையில் அது ஒரு சிறு இடைவெளியை உண்டாக்குகிறது. "காலை 6.40, வீட்டுப் பின்புறம், தனியாக, தூக்கக் கலக்கம், பல் துலக்கும் முன்", "11.15, டீக்கடை, இரண்டு நண்பர்கள், சலிப்பு, மேலாளரோடு பேசிய பின்" என்று ஒரு வாரம் எழுதினால், நாள் முழுக்க ஆசை இருக்கிறது என்ற எண்ணம் தகர்ந்துபோகும். ஆசை நான்கைந்து இடங்களில் குடியிருப்பது தெரியும். அடிமைப்பட்டவருக்கு இவற்றோடு உடல் சார்ந்த தேவையும் சேர்ந்திருக்கும்: எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் அது வெறும் பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஏழாம் படி அவருக்குக் கட்டாயம் தேவைப்படும்.

நான்காம் படி: மாலை ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள்

பக்தியின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தியோடு சேர்ந்து வரும் ஏற்பாடுகள் எவை என்று பிரித்துப் பார்த்தால், மாலை போடாதவரும் எடுத்துக்கொள்ளக் கூடியவை அவற்றில் பல உண்டு.

முதலாவது, விதியில் இடைவெளி இல்லை. "குறைத்துக்கொள்" என்று எந்தக் குருசாமியும் சொல்வதில்லை. இன்று ஒன்று மட்டும் பிடிக்கலாமா என்ற பேரம் மூளைக்குள் தொடங்கவே வழியில்லாததால், எதிர்பார்ப்பே எழுவதில்லை. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூவன் டார் இதைத் துல்லியமாகக் காட்டினார். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்ற விதியைப் பின்பற்றும் யூதர்களில் புகைப்பவர்களுக்கு, அந்த நாளில் ஏற்பட்ட புகையாசை, வேலைநாளில் வற்புறுத்தி நிறுத்தச் சொன்னபோது ஏற்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. விமானப் பணியாளர்களிடம் 2010-இல் வெளியான அவரது ஆய்வில், புகைக்காமல் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைவிட, தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே ஆசையின் அளவைத் தீர்மானித்தது. குறுகிய பயணத்தின் முடிவில் தவித்த அளவுக்கு, நீண்ட பயணத்தில் அதே மணி நேரம் கழிந்தபோது அவர்கள் தவிக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் ஆம்பூர்க்காரருக்கும் சிகரெட் நினைவு வருகிறது. கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்று மூளை நம்பும்போதுதான் அது கேட்கிறது.

இரண்டாவது, மாலையும் கறுப்பு வேட்டியும் ஊருக்கே அறிவிப்பாகிவிடுகின்றன. "அண்ணே" என்று சிகரெட்டை உருவி வைத்த அதே டீக்கடைக்காரர், மாலையைப் பார்த்ததும் "சாமி, பால் சாப்பிடுறீங்களா?" என்கிறார். நண்பர்கள் அழைப்பதில்லை, அழைத்தாலும் மறுப்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது, நாளின் வடிவமே மாறுகிறது. விடியலில் குளியல், மாலையில் பஜனை, தரையில் படுக்கை. நோட்டில் தெரிந்த, ஆசையைத் தூண்டும் நான்கைந்து குறிப்புகளில் (இடம், நேரம், ஆள் போன்றவை) பாதி அந்த நாள்களில் எதிர்ப்படுவதேயில்லை.

சூழல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் மிகப் பெரிய சான்று வியட்நாம் போர். அமெரிக்கப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1970-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்தபோது, அவ்வாறு அடிமையானவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. அடிமைத்தனம் ஒருமுறை வந்தால் போகாது என்று நம்பிய மருத்துவர்கள் இதை ஏற்கவே தயங்கினார்கள்.

ஐந்தாம் படி: ஆசையைத் தூண்டும் குறிப்புகளை அப்புறப்படுத்துங்கள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் 205 பேரின் அன்றாட ஆசைகளை ஒரு வாரம் பதிவு செய்தபோது, தன்கட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் போராடுபவர்களாக இல்லை. இடறும் ஆசைகளே அவர்களுக்குக் குறைவாக வந்தன. மறுபுறம், மன உறுதி என்பது செலவழியும் சக்தி, நாள் இறுதியில் தீர்ந்துவிடும் என்று 1998-இல் ராய் பாமைஸ்டர் முன்வைத்த கருத்து, 2016-இல் 23 ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லவும் முடியாது, சேமித்து வைப்போம் என்று நம்பவும் முடியாது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆசை இல்லாத வேளையில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைச் செய்யுங்கள். தீப்பெட்டி, லைட்டர், மிச்சப் பாக்கெட் எதுவும் வீட்டில் வேண்டாம். டீக்கடைக்காரரிடம் நேரில் போய், "இனிமேல் எனக்கு எடுத்து வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் மாதம் வேறு கடையில், நின்று குடித்தவர் உட்கார்ந்து குடியுங்கள். வலக்கையில் டம்ளர் பிடித்தவர் இடக்கைக்கு மாற்றினாலும் பயன் உண்டு. பாப்கார்ன் ஆய்வில் கை மாறியதும் பழக்கம் அறுந்ததை மேலே பார்த்தோம். வீடு திரும்பும் வழியில் டாஸ்மாக் இருந்தால், இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும் வேறு தெரு. இரவில் கைப்பேசி படுக்கையறைக்குள் வரக் கூடாது. கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்புவதற்கு நூறு இருநூறு ரூபாயில் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். அடுத்த காணொளி நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாத நிலையே விரலைத் தள்ளவைக்கிறது. ஷுல்ட்ஸின் குரங்கும் எதிர்பாராத சாற்றுக்குத்தான் துடித்தது.

ஆறாம் படி: தவிர்க்க முடியாத இடங்களுக்கு வாக்கியம் எழுதுங்கள்

எல்லாவற்றையும் அப்புறப்படுத்த முடியாது. தோல் தொழிற்சாலையில் இடைவேளை மணி அடிக்கத்தான் செய்யும், கல்யாண வீட்டில் பங்காளிகள் அழைக்கத்தான் செய்வார்கள். அந்த இடங்களுக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த முறை இது. 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் வெளியிட்ட கணக்கில் அதன் பயன் தெளிவாகவே தெரிந்தது. "குறைத்துக்கொள்வேன்" என்பது வாக்கியமாகாது. "இடைவேளை மணி அடித்ததும், கேட்டுப் பக்கம் போகாமல் தண்ணீர்க் குழாய் பக்கம் நடப்பேன்", "மச்சான் 'வாடா ஒரு ரவுண்டு' என்றதும், 'மாத்திரை சாப்பிடுறேன் மச்சான், கூடாது' என்பேன்" என்பவை வாக்கியங்கள். தூண்டும் குறிப்பும் செயலும் ஒன்றோடொன்று முன்பே பிணைக்கப்படுவதால், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய சுமை குறைகிறது. பழக்கத்தின் இயந்திரத்தையே உங்கள் பக்கம் வேலை வாங்குகிறீர்கள். மூன்று வாக்கியம் போதும். பத்து எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஏழாம் படி: முதல் மூன்று நாளைத் தனியாகக் கவனியுங்கள்

நிக்கோட்டின் தட்டுப்பாடு நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிகிறது. ஒவ்வோர் ஆசையும் ஏறி, உச்சம் தொட்டு, சில நிமிடங்களில் இறங்கும். உளவியலாளர் ஆலன் மார்லட் கற்பித்தபடி, அதை விரட்ட முயலாமல், உடம்பில் எங்கே இருக்கிறது, தொண்டையிலா நெஞ்சிலா விரல் நுனியிலா, என்று கவனித்துக்கொண்டிருந்தால் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும்.

எழுந்ததும் பற்றவைப்பவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். ஆனால் பலர் அதைச் சாதாரணக் கம் போல இடைவிடாமல் மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து கைவிட்டுவிடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெல்ல மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறுகிறது. டீயோ காப்பியோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயின் புளிப்புத் தன்மையால் அது சரியாக ஏறாது.

டீயைப் பற்றி இன்னொன்று. புகையிலைப் புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் கஃபீனை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஐந்து டீ இப்போது கூடுதல் கஃபீனாக உடம்பில் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வர, சிகரெட் இல்லாததால்தான் என்று எண்ணி மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. நிறுத்தும் வாரத்திலேயே டீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவது படிப்படியாக விடுவதாகாது. பீடி எளிதில் அணைவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது, நிக்கோட்டினும் குறைவதில்லை.

எட்டாம் படி: நாள்கணக்கையும் சறுக்கலையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

21 நாளில் பழக்கம் உருவாகும் என்பது, முக அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் புது முகத்துக்குப் பழக அவ்வளவு நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து பரவியது. இலண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஆராய்ந்தபோது, புதுப் பழக்கம் தானாக ஓடத் தொடங்க நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை பரந்திருந்தது. ஒரு மண்டலம் நல்ல தொடக்கம். பலருக்கு அது பாதி வழிதான். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் விளையவில்லை.

பழைய பழக்கமோ அழிவதில்லை. மார்க் பூட்டன் பல ஆண்டு ஆய்வில் காட்டியபடி, அணைந்துபோன ஒரு கற்றல், கற்ற பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி எழுகிறது. மேலே மணலாகத் தெரியும் பாலாற்றைத் தோண்டினால் ஊற்று வருவதைப் போல அது அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. மாலை கழற்றியதும் சறுக்குவதற்கு இதுவே காரணம். விரத நாள்களில் பஜனைக்கும் கோயிலுக்கும் பழகிய மூளை, டீக்கடையையும் சனிக்கிழமை நண்பர்களையும் எதிர்கொள்ளக் கற்கவில்லை. ஆகவே மாலையோடு விட நினைப்பவர், மலைக்குப் புறப்படும் முன்பே, திரும்பிய பிறகான முதல் பத்து நாளுக்கு ஐந்தாம், ஆறாம் படிகளைச் செய்து வைக்க வேண்டும். குறிப்பாகத் திரும்பும் வேன் பயணத்தை: "மாலைதான் கழற்றியாச்சே சாமி" என்ற முதல் குரல் பெரும்பாலும் அங்கேதான் எழுகிறது.

ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பாக்கெட்டையே முடிப்பது, அந்த ஒன்றைவிடக் கெடுதல் செய்கிறது. எங்கே, யாரோடு, எதற்குப் பின் என்று நோட்டில் எழுதுங்கள். விடுபட்டுப்போன ஒரு தூண்டும் குறிப்பு கிடைத்திருக்கிறது. தூக்கம் கெட்ட வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மன அழுத்தத்தில் மனிதர்கள் எண்ணிச் செய்வதிலிருந்து பழக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள் என்று லார்ஸ் ஷ்வாபேயும் ஆலிவர் வுல்ஃபும் 2009-இல் காட்டினர். இரவு ஷிஃப்ட் மாறும் வாரத்தில் நிறுத்தத் தொடங்காதீர்கள்.

வீட்டாருக்கு

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற சுவரொட்டிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இப்படிச் சாப்பாட்டில் கலக்கப்படும் பொருள் என்னவென்றே பல நேரம் தெரியாது. டைசல்ஃபிரம் என்னும் மாத்திரையாக இருந்தால், அது மது உடலில் சிதைவதை இடையில் தடுத்து, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும்படி செய்கிறது. இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மருத்துவர் அதைக் கொடுக்கும்போது, நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, விளைவைச் சொல்லித்தான் கொடுப்பார். தெரியாமல் கொடுக்கும்போது உடல் ஆபத்தோடு, வீட்டுச் சோற்றின் மேலுள்ள நம்பிக்கையும் போகிறது.

திட்டுவதும் அழுவதும் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. அழுத்தம் எங்கே தள்ளும் என்று மேலே சொல்லியாயிற்று. குடிக்காமல் வந்த நாளில் சேர்ந்து சாப்பிடுவது, பணத்தைக் கையில் தங்கவிடாமல் அவர் ஒப்புதலோடு வேறொருவர் வைத்துக்கொள்வது, மாலை ஆறு முதல் எட்டுவரை அவருக்கு ஒரு வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆகியவை பயன் தரும். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்வதற்குப் பெயர்பெற்றது. வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு என்பதை அது தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

மருத்துவ உதவி

மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், புகையிலைக்கு வரெனிக்ளின், புப்ரோபியான் போன்றவையும் உள்ளன. மருந்து எடுப்பது மன உறுதி இல்லாததற்கு அடையாளம் என்ற எண்ணத்தால் இவற்றைத் தவிர்ப்பவர்கள் வீணாகத் துன்பப்படுகிறார்கள். பாகாயம் மையத்தோடு, அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம். தொலைபேசியில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, புகையிலையை விடுவதற்கு 1800-11-2356. கடைசி எண் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அழைக்கும்போது நாளுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, எழுந்தபின் முதலாவது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற விவரங்களை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மூன்றாம் படியில் எழுதிய நோட்டு இருந்தால் அதையும் நேரில் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும்.